ரீகாவில் கேட்கப்பட்ட கேள்வி ருவன்வெல்லையில் ஏன் கேட்கப்படவில்லை?

பிரசாவுரிமை என்பது ஒரு நாட்டின் உள்வீட்டு விவகாரம், அதிற் பிறர் தலையிடலாகாது என்னும் மந்திரம் இந்நாட்டில் 1948 ஆம் ஆண்டு முதல் ஓதப்பட்டு வருகின்றது. ஓதியவர் மாறினர், கட்சிக் கொடிகளின் நிறம் மாறிற்று, மந்திரம் மட்டும் மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தார் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்குரிய நிபந்தனைகளைப் பற்றி வாய் திறக்குந்தோறும், "நமது இறைமை என்னாவது?" என்ற கூக்குரல் கொழும்பிலே எழுகின்றது. அக்கூக்குரலுக்கு மறுமொழி கூற விழைகின்றோம். மறுமொழியின் ஒரு பாதி நமது கேகாலை மாவட்டத்திலேயே கிடக்கின்றது. மறுபாதி பால்டிக் கடலோரத்தில், லத்வியா என்னும் சிறு நாட்டில் இருக்கின்றது.

லத்வியாவை நம் வாசகர் பலர் அறியார். வரக்காப்பொலவிலும் எட்டியாந்தோட்டையிலும் இறப்பர் வெட்டும் மக்களுக்கு அந்நாட்டின் கதையால் யாது பயன் என்று கேட்போரும் இருப்பர். பொறுத்துக் கேட்கட்டும்.

1940 ஆம் ஆண்டு சோவியத் படை புகுந்து அந்நாட்டை விழுங்கிற்று. 1941 இலும் 1949 இலும் குடும்பம் குடும்பமாக லத்வியரைச் சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். 1949 மார்ச் மாதத்து நடவடிக்கையில் மாத்திரம் ஏறத்தாழ 42,000 பேர். அவர்கள் விட்டுச் சென்ற ஊர்களிலும் புதிதாக எழுந்த தொழிற்சாலைகளிலும் ரஷ்யரும் உக்ரேனியரும் பெலாருசியரும் குடியேறினர். போருக்கு முன் நாலில் மூன்று பங்கினராயிருந்த லத்வியர், 1989 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 52 பேராகச் சுருங்கி நின்றனர். 1991 ஆகஸ்ட் 21 இல் அந்நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 15 இல் அதன் உச்ச மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று: 1940 ஜூன் 17 இற்கு முன் பிரசைகளாயிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே இந்நாட்டின் பிரசைகள். மற்றையோர், அம்மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள், ஒரே எழுத்தில் வாக்கற்றவராயினர்.

இக்கதை எங்கோ கேட்டது போலத் தோன்றுகிறதா? தோன்றத்தான் வேண்டும். ஒரு திகதியைக் கோடாகக் கிழித்து, கோட்டுக்கு இப்பால் நிற்பவன் பிரசை, அப்பால் நிற்பவன் அந்நியன் என்று பிரிக்கும் வித்தையை நம் நாடு அவர்களுக்கு நாற்பத்து மூன்று ஆண்டு முன்னதாகவே செய்து காட்டிவிட்டது. ஒரே ஒரு வேறுபாடு. லத்வியாவிடம் ஒருவர் கேள்வி கேட்டார். இலங்கையிடம் எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் யார்? ஸ்திராஸ்பேர்க்கில் அமர்ந்துள்ள ஐரோப்பிய மன்றமும், ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையினருக்கான முதலாவது உயர் ஆணையாளர் மக்ஸ் வன் டெர் ஸ்டூலும். இந்த டச்சுக்காரர் 1993 முதல் ரீகாவுக்கும் தல்லினுக்கும் சென்று, அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்; அமைச்சர் மறுமொழி எழுதினார். பட்டாளம் அனுப்பவில்லை, பொருளாதாரத் தடை விதிக்கவில்லை. வெறும் கடிதங்கள். ஆயினும் அக்கடிதங்களுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. ஐரோப்பிய மன்றத்துள் நுழைய வேண்டுமாயின் அக்கதவைத் தட்ட வேண்டும், தட்டியவனிடம், "உன் வீட்டில் ஏழு இலட்சம் பேர் திண்ணையிற் படுத்திருக்கிறார்களாமே, அவர்களை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள்.

1994 ஜூனில் லத்விய பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரசாவுரிமைச் சட்டத்தில், ஆண்டொன்றுக்கு இத்தனை பேருக்கு மேற் பிரசாவுரிமை வழங்கலாகாது என்று மிகக் குறுகிய அளவொன்று விதிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பா முகம் சுளித்தது. சனாதிபதி குந்திஸ் உல்மானிஸ் சட்டத்தைக் கையொப்பமிடாது பாராளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். ஜூலை 22 இல் அந்த அளவு நீக்கப்பட்ட சட்டம் நிறைவேறிற்று. 1995 பெப்ரவரி 10 இல் ஐரோப்பிய மன்றத்தின் கதவு திறந்தது. அயல்நாடான எஸ்தோனியாவிலும் இதே நாடகம். 1993 இல் அந்நியர் சட்டம் வந்தபோது, சனாதிபதி லென்னார்ட் மேரி அதனை ஐரோப்பிய நிபுணரின் அபிப்பிராயத்துக்கு அனுப்பி, திருத்திய பின்னரே ஏற்றார். இறைமை போய்விட்டதென்று அவர் நெஞ்சிலடித்துக் கொண்டதாக நாம் அறியோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கூறியது யாது? இலங்கையிற் பிறந்தவன் என்பது போதாது. தகப்பனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பிராவிற் பிறந்து, பெரட்டுக் களத்தில் வளர்ந்து, செக்றோலில் மட்டும் பெயர் பதியப்பெற்ற ஒருவன் தன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? சிங்களக் கிராமத்தவரிடமும் பாட்டனின் பத்திரம் இருந்ததில்லை. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவே. மறு ஆண்டு வந்தது 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரசாவுரிமைச் சட்டம். விவாகமானவர் ஏழாண்டும், ஏனையோர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையை நிரூபிக்க வேண்டும்; அதுவும் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட காலத்துக்கு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் விண்ணப்பித்தார்கள். அவர்களுள் உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரை எந்தக் குற்றத்துக்காகத் தள்ளினார்கள்? உறவினர் வீட்டுக்கு இந்தியா சென்று வந்தமை, பெயரில் ஓர் எழுத்துப் பிழை, குறித்த நாளில் விசாரணைக்கு வரத் தவறியமை. துரை விடுமுறை கொடாத நாளில் தொழிலாளி எங்ஙனம் விசாரணைக்கு வருவான் என்பதை அதிகாரிகள் ஆராயவில்லை.

அவ்வாண்டே 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் வந்து, பிரசையல்லாதவனுக்கு வாக்கில்லை என்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனம். 1952 இல் ஒன்றுமில்லை. வாக்குச் சீட்டை எண்ணித் தோற்கடிக்கவில்லை. வாக்காளரையே கழித்துத் தோற்கடித்தார்கள்.

இவ்விடத்தில் நம் மாவட்டத்து வரலாறு வருகின்றது. ருவன்வெல்லைத் தேர்தற் தொகுதி வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டவர் கோடக்கன் பிள்ளை. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தவர் மீதும் பிறர்மீது சுமத்தப்படாத தகைமையீனத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்கின்றது. ஆகவே இச்சட்டங்கள் செல்லாதவை என்பது அவரது வாதம். திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1951 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. வழக்கு கடல் கடந்து இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1953 இல் அக்கழகத்துப் பிரபுக்கள் கூறியது இதுதான்: தன் நாட்டின் பிரசைகள் யாவர் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான தொழில், ஆகவே இச்சட்டம் செல்லும்.

இச்சட்டம் எவ்வினத்தின் பெயரையும் குறிப்பிடவில்லையாம்! கத்தியின்மேல் இன்னாருக்கென்று பெயர் பொறிக்கவில்லை, ஆகவே வெட்டுப்பட்டவன் வெட்டுப்படவில்லை என்பது போன்ற நியாயம் இது. சட்டம் வெளித்தோற்றத்தில் அனைவருக்கும் பொது. அதன் விளைவு யாரைத் தாக்குகின்றது என்பதைப் பார்க்க மறுப்பதற்கு நீதி என்று பெயர். இந்தியத் தமிழரின் வாக்கு இடதுசாரிகளுக்குச் செல்கின்றது என்ற அச்சமே இச்சட்டங்களின் தாய் என்பதை அன்றைய அரசியல் அறிந்தவர் எவரும் மறுக்கார். ருவன்வெல்லைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947 இல் தெரிவானவர் சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா என்பதை வாசகர் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடொன்று ஐரோப்பிய நிறுவனமொன்றின் முன் தன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை, லத்வியாவுக்கு முன்னரே இலங்கைக்கு வந்தது. கேள்வி கேட்கும் அதிகாரம் இலண்டனுக்கு இருந்தது. கேட்கவில்லை. ஏன்?

கேட்பதற்கு இலண்டனுக்குத் தேவை இருக்கவில்லை என்பதே விடை. 1947 நவம்பரிலேயே பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதப்பட்டாயிற்று; திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் கையில். தேயிலைக் கம்பனிகளின் பங்குகள் பத்திரமாயிருந்தன. தொழிலாளிக்கு வாக்கு இல்லாமற் போனாலும் கொழுந்து வரும், பால் வடியும். இந்த மக்களைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணி மூலம் கொண்டு வந்தது யார் ஆட்சியில்? அவர்களது நிலை என்னவென்று தீர்க்காமலே ஆட்சியைக் கையளித்தது யார்? இவ்வினாக்கள் வெள்ளை மண்டபத்தில் ஒலித்ததில்லை. ஐக்கிய நாடுகள் சபையும் ஒரு கதவாயிருந்திருக்கலாம். அக்கதவை 1955 டிசம்பர் வரை இலங்கைக்கு அடைத்து வைத்தது சோவியத் ஒன்றியத்தின் தடைவாக்கு. இலங்கை மெய்யாகச் சுதந்திர நாடல்ல என்பது அதன் வாதம். பத்து இலட்சம் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டமையைக் காரணங்காட்டித் தொழிலாளர் அரசு தடுக்கவில்லை. உலகப் பொதுவுடைமையின் தலைநகருக்கும் நமது லயம் கண்ணிற் படவில்லை.

இறப்பர் வெட்டும் நமக்கு மறக்கவியலாத ஒன்று உண்டு. 1952 டிசம்பரில் இலங்கை சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. நாடு முழுவதும் உண்ட அரிசிக்கு விலையாகச் சென்றது கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் வெட்டிய பால். அதே ஆண்டிற்றான் அப்பாலை வெட்டிய கைகளுக்கு வாக்கு இல்லையென்று தேர்தல் நடந்தது; அதே ஆண்டிற்றான் காங்கிரஸ் தலைவர்கள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகமிருந்தனர். சோற்றை உண்டவர் எவரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நம்மவர் பங்கையும் மறைக்க நாம் ஆயத்தமில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் கொழும்புத் தமிழ் உத்தியோகத்தரும் இப்பத்திரிகையைப் படிக்கின்றனர், படிக்கட்டும். 1948 ஆகஸ்டில் பிரசாவுரிமை மசோதாவை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் அடுத்த மாதமே அமைச்சரானார். இந்திய பாகிஸ்தானியர் சட்டம் வந்தபோது அமைச்சரவையில் இருந்தார், ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்தார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அன்று மலைநாட்டான் வாக்கிழந்தால் நமக்கென்ன என்று சும்மா இருந்த வடக்கு, பாராளுமன்றத்தில் தமிழரின் எண்ணிக்கை குன்றியதன் விலையை 1956 இல் மொழிச்சட்டம் வந்தபோது எண்ணிக் கொடுத்தது. இன்று இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். லத்வியாவின் ரஷ்யர் ஆக்கிரமிப்பாளரின் நிழலில் வந்தவர். உங்கள் உவமை பொருந்தாதே என்பர். பொருந்தாதுதான். எந்தப் பக்கம் பொருந்தவில்லை என்று பாருங்கள். லத்வியனின் வீட்டை உடைத்த பேரரசின் மொழி பேசியவர்க்கே பிரசாவுரிமை மறுக்கலாகாதென ஐரோப்பா வாதாடிற்று. மலைநாட்டுத் தமிழன் எவர் வீட்டை உடைத்தான்? எந்தப் படையோடு வந்தான்? அவன் வந்தது கூலிக்கு. வழியிலேயே மடிந்தவர் எத்தனையோ பேர். அவன் மிதித்த காட்டைத் தோட்டமாக்கினான். தோட்டம் துரைக்கு, இலாபம் இலண்டனுக்கு, வரி கொழும்புக்கு. லத்வியருக்கு அச்சம் கொள்ளப் பேரரசொன்று எல்லைக்கு அப்பால் நின்றது. டி.எஸ். சேனநாயக்காவுக்கு அச்சம் தந்தது வாக்குப் பெட்டி. 1946 இலேயே கேகாலை உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்து, அங்கேயே வாழ்ந்த நூற்றுக்கணக்கான தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது, அவரே விவசாய அமைச்சர். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மறைவாக வரவில்லை அச்சட்டங்கள். முன்னோட்டம் நம் மாவட்டத்திற்றான் நடந்தது.

அதற்குப் பின்னர் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 உயிர்களை அரிசி மூடை போல் அளந்து, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி பிறகு என்றார்கள். பிறகு வந்த 1974 ஒப்பந்தம் அம்மீதியையும் பாதி பாதியாக வெட்டிற்று. மூடைகளைக் கேட்டவர் எவருமில்லை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. வாக்கும் பிரசாவுரிமையும் இல்லாத தொழிலாளிக்குக் காணித்துண்டு கிடையாது, பல தோட்டங்களில் இருந்த வேலையும் போயிற்று. சப்ரகமுவவில் 1977 உம் 1981 உம் வந்தன. தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்கள் நீலகிரியில் மீண்டும் கொழுந்தே பறித்தன. எஞ்சியோருக்கு 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே கணக்குத் தீர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! லத்வியாவில் முதற் சட்டம் திருந்த மூன்றாண்டும், இரண்டாந் திருத்தம் வர மேலும் நான்காண்டும் ஆயின.

அந்த இரண்டாந் திருத்தத்தையும் சற்று விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் ஐரோப்பாவை நம்பி இருப்போருக்கு அதில் ஒரு பாடமுண்டு. 1997 டிசம்பரில் லக்ஸம்பேர்க்கில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், ஒன்றியத்தில் சேரும் பேச்சுக்கு எஸ்தோனியாவை அழைத்தார்கள், லத்வியாவை அழைக்கவில்லை. மறு ஆண்டு ஜூனில் லத்விய பாராளுமன்றம் சட்டத்தைத் தளர்த்திற்று: சுதந்திரத்தின் பின் அங்கு பிறந்த நாடற்ற பிள்ளைகள் விண்ணப்பித்தாற் பிரசைகளாகலாம், வயதுவாரியாக வரிசையில் நிற்க வேண்டிய முறையும் நீங்கிற்று. எதிர்ப்பாளர் மக்கள் தீர்ப்புக் கேட்டனர். 1998 ஒக்டோபர் 3 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் தளர்த்தலுக்குச் சார்பாக வாக்களித்தனர். லத்விய வாக்காளரே, தம் கையால்! நம் நாட்டில் பெரும்பான்மை மக்களிடம் இக்கேள்வி ஒருநாளும் நேரே கேட்கப்பட்டதில்லை. கேட்டால் தோற்போம் என்பது அரசியல்வாதிகளின் கணக்கு, மக்களின் கணக்கன்று. 2004 மே முதலாந் திகதி லத்வியா ஒன்றியத்துள் நுழைந்தது. அத்தோடு ஐரோப்பாவின் குரலும் தணிந்தது. உள்ளே வந்தவனிடம் கேள்வி கேட்பாரில்லை. இன்றும் அந்நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கை அண்மித்தோர் "பிரசையல்லாதோர்" என்ற கடவுச்சீட்டையே வைத்திருக்கின்றனர். பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாமாகவே உரிமை கிடைக்கும் விதி 2020 சனவரியிலேதான் வந்தது.

எனவே ஐரோப்பியரைத் தேவதூதராக எண்ணுவாரோடும் நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் கேட்பது கதவு அவர்கள் கையில் இருக்கும்வரை.

இலங்கை விடயத்தில் அக்கதவு இன்னும் அவர்கள் கையிற்றான் இருக்கின்றது. 2005 இல் ஜீ.எஸ்.பி. பிளஸ் கிடைத்தது, மனித உரிமை நிபந்தனைகள் மீறப்பட்டன என்று 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 2017 மே மாதம் மீளக் கொடுத்தார்கள். 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குமாறு தீர்மானம் நிறைவேற்றவே, இறைமை பேசியோர் 2022 இல் அச்சட்டத்திற் சில திருத்தங்களைக் கொண்டு வந்தனர். திருத்தம் போதாது என்பது வேறு. கேட்டால் அசைகின்றார்கள் என்பது தெளிவு. ஆடை போகிறது, நம் மாவட்டத்துப் பாலில் செய்த டயரும் கையுறையும் போகின்றன. வரியில்லாது ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் அந்த டயரில் நமக்குப் பங்குண்டு என்பதை நாமே உணரவில்லை.

சலுகைக்கு அடிப்படையான 27 சர்வதேச உடன்படிக்கைகளில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையுண்டு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையுண்டு. சர்வதேசத் தொழில் தாபனத்தின் அடிப்படை உடன்படிக்கைகளுண்டு. நாடற்றோர் பற்றிய உடன்படிக்கை அப்பட்டியலில் இல்லை. அது ஐரோப்பியரின் மறதி என்று நாம் கருதவில்லை. ஆயினும் உள்ளவையே போதும். நூறாண்டு கடந்த லயத்துக் காம்பிராவில் உறுதிப்பத்திரமின்றி வாழ்வது இன்று கேட்க வேண்டிய கேள்வி. பிரசாவுரிமை வந்துவிட்டதே, இனியும் பழங்கதையா என்போருக்கு ஒன்று கேட்போம்: உரிமையில்லாத ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அரசு பங்கிட்ட காணிகளை யார் பெற்றார்? அக்காணி இன்று திரும்பி வருமா? நிலமில்லாப் பிரசை வாக்குப் பெட்டிக்கு மட்டும் பிரசை.

இதனைக் கேட்பது யார் என்பதே இப்போதைய சிக்கல். தூதுக்குழு கொழும்பு ஹோட்டலில் அரசையும் முதலாளிமாரையும் சந்திக்கும். வடக்குக்கும் சென்று வரும். நல்லது. கேகாலைக்கு யார் அழைப்பது? தொழிற்சங்கங்கள் நாட்சம்பளப் பேச்சிலேயே மூச்சுத் திணறுகின்றன. அவற்றைக் குறை கூறி நேரம் போக்க விரும்போம். ஆனால் தோட்டங்களிலிருந்து படித்து வெளியேறிய ஆசிரியர் இருக்கின்றனர், சட்டத்தரணிகள் இருக்கின்றனர், நிலஅளவையாளர், கணக்காளர் இருக்கின்றனர். கொழும்பிலே உத்தியோகம் பார்த்து, தீபாவளிக்கு மட்டும் லயத்துக்கு வந்து இனிப்புக் கொடுத்துத் திரும்பும் இவர்களிடமே நம் கோரிக்கை. ருவன்வெல்ல, தெஹியோவிற்ற, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய, வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம், எத்தனை உறுதிப்பத்திரம், எத்தனை வீடு, எத்தனை பேருக்கு முகவரி இல்லாத காரணத்தாற் கடிதம் கிடைப்பதில்லை என்ற கணக்கு எடுக்கப்பட வேண்டும். 1949 இல் ஆவணமின்மையாலே நம்மை அடித்தார்கள். இம்முறை ஆவணம் நம்மிடம் இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதனை எழுதி, சலுகையின் அடுத்த மீளாய்வுக்கு முன்னர் ஐரோப்பியத் தூதுக்குழுவின் மேசையில் வைக்க வேண்டும். பிரதியொன்றை அரசுக்கும் அனுப்ப வேண்டும், ஒளித்துச் செய்யும் வேலையன்று இது. சிங்களக் கிராமத்து ஏழை விவசாயியும் அதே பள்ளத்தாக்கிற்றான் வாழ்கின்றான். அவனது காணிப் பத்திரச் சிக்கலையும் அதே கணக்கில் எழுதினால் நமக்கு நட்டமில்லை.

தோட்டவாரிக் கணக்கெடுக்க முன்வருவோர் தம் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பலாம். தலைவர் என்று ஒருவரைத் தெரிந்து மாலை போட்ட பின்னரே தொடங்குவோம் என்று காத்திருக்க வேண்டாம்.